நீ தூங்கிப்போன அந்தக் காலை

அன்பு மகன் டெரன்ஸ்,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் கை தொடங்கப் பார்த்தது. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் முறை சொல்லிக்கொடுத்த கை, வேறு என்ன செய்யும்? ஆனால் சனிக்கிழமைதான் உன்னைத் திருகோணமலையில் விட்டுவிட்டு வந்தேன். நீ அவ்வளவு நலமாக இல்லை என்பதும், அதற்குக் காரணம் யார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அந்த வரியை இந்த முறை எழுதவில்லை. இதைத் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. வெள்ளிக்கிழமை நீ, வேலைக்குக் கூப்பிட்ட அந்த சீஷெல்ஸ் கப்பல்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே கையால் எழுதி, பரீதா டீச்சரின் மகளிடம் கொடுத்துப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அந்தப் பிள்ளை வாசித்தால் வாசிக்கட்டும், வெட்கப்படுகிற கட்டத்தை நான் தாண்டிவிட்டேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ "ம், சொல்லுங்கம்மா" என்றதும் நான் மழையைப் பற்றியும் மிளகைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு முகம் இருக்காது. ஓய்வு பெறுகிற டீச்சர்மாருக்குச் சேலையும் சுவர் மணிக்கூடும் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள், அந்த மணிக்கூடு இப்போதே பத்து நிமிடம் பிந்துகிறது. நீ ஒருவன்தான் பாய்க்கப்பலில் மூன்று நாள் கொடுத்தாய். "ஒங்க கூட்டாளிமாரையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா, இந்தக் கிழமை வெள்ளக்காரங்க யாரும் புக் பண்ணல்ல, முதலாளி சரின்னுட்டாரு" என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு இருக்கிற கூட்டாளிகளே இரண்டு பேர்தான். ஒன்று பக்கத்து வீட்டுப் பரீதா டீச்சர், கணக்குப் பாடம். மற்றது மாத்தளை டவுன் புஷ்பம் டீச்சர், சின்ன வகுப்பு. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து முப்பது வருடம் தேத்தண்ணி குடித்த மூன்று கிழவிகள். மூன்று பேரும் கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கியவர்கள் அல்ல.

நாங்கள் வந்த கோலத்தை நீ பார்த்தாய், ஆனால் வழியில் நடந்ததைப் பார்க்கவில்லை. வேன் பக்கத்திலிருக்கிற நாலந்தாவைத் தாண்டும் முன்பே மத்தியானத்துக்குக் கட்டிய சோற்றுப் பார்சல் முடிந்துவிட்டது. புஷ்பம் டீச்சர் ஒரு பை நிறைய டின் மீன் கொண்டு வந்திருந்தார். கடலுக்குப் போகிற இடத்தில் மீன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பது அவருடைய கவலை. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. பரீதா டீச்சர் வெயிலுக்கென்று குடை கொண்டு வந்தார். அந்தக் குடை எங்களுக்கு முந்திக் கரைக்குப் பறந்து போனது உனக்குத் தெரியும். என் பையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாத்தளைக்காரி பயணம் போனால் பை வாசத்திலேயே ஊர் தெரிந்துவிடும். இஞ்சி, கராம்பு, கறுவா, நம் மரத்துச் சாதிக்காய் இரண்டு, அதை இழைக்கிற சின்னக் கல்லு. கடலில் யாருக்கு என்ன வந்தாலும் நான் வைத்தியம் பார்த்துவிடுவேன் என்ற எண்ணம்.

கடைசியில் முதல் ஆளாக வாந்தி எடுத்தது நான்தான். நீ சுக்கானை உன்னோடு வேலை செய்கிற அந்தோனி அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்து என் நெற்றியைப் பிடித்தாய். "கீழ பாக்காதீங்கம்மா, தூரத்தில கரையப் பாருங்க. கரை ஆடாது" என்றாய். நான் கரையைப் பார்க்கவில்லை, உன் கையைப் பார்த்தேன். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது. பிறகு துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் நீ எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினாய். சத்தம் முழுதும் அடங்கிப் போனது. "என்னா தம்பி, பழுதாப் போச்சா?" என்று புஷ்பம் டீச்சர் பயந்து கேட்டார். "இல்ல டீச்சர், இப்பதான் போறோம்" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன் முகத்தில் எத்தனை வருடமாக இருந்திருக்க வேண்டிய சிரிப்பு என்று நான் அந்த இடத்திலேயே கணக்குப் பார்த்தேன். கோணேசர் மலையைச் சுற்றிப் போகும்போது புஷ்பம் டீச்சர் கைகூப்பிக் கும்பிட்டார், பரீதா டீச்சர் தன்பாட்டில் ஏதோ ஓதினார், நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். மூன்று பேருடைய வேண்டுதலும் அநேகமாக ஒன்றுதான், உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும். எனக்கு மட்டும் அதோடு இன்னொன்றும் இருந்தது.

இனி விசயத்துக்கு வருகிறேன். முதலாம் நாள் பொழுது சாய்கிற நேரம் நிலாவெளிக்கு வடக்கே நங்கூரம் போட்டோம் அல்லவா? சாப்பிட்டு முடிந்ததும் புஷ்பம் டீச்சர், "டீச்சர், இந்த ஆட்டத்தில எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வராதுங்க" என்றார். நான் பெருமையோடு பையைத் திறந்தேன். குசினியில் பால் காய்ச்சி, சாதிக்காயைக் கல்லில் நாலு இழைப்பு இழைத்துக் கலந்து கொடுத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். "கூடாது டீச்சர்" என்றேன். "நாலு இழைப்புக்கு மேல போனா நாளைக்குப் பத்து மணிக்குத்தான் எழும்புவீங்க. எழும்பினாலும் தலையத் தூக்க ஏலாது, வாய் காஞ்சு போயிரும், சுவரெல்லாம் ஆடுற மாதிரி இருக்கும்." நீ மேலே இருந்தாய், உனக்கு இது கேட்கவில்லை. பரீதா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் நீ நாலு மணிக்கே எழும்பிப் படகை எடுத்துவிட்டாய். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று தூக்குவதற்குள் குச்சவெளிக்குப் போய்விட வேண்டும் என்று சொன்னாய். நான் மேலே வந்தபோது கடலுக்குள்ளே இருந்து சூரியன் வந்துகொண்டிருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து எட்டு மணிக்கு எட்டிப் பார்க்கிற சூரியனைத்தான் இத்தனை காலமும் கண்டிருக்கிறேன், இப்படி நனைந்துகொண்டு வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பரீதா டீச்சர் சுபஹு தொழுகை முடித்து முக்காட்டோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது உன் போன் அடித்தது. நிறுத்தினாய். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அடித்தது. "எழும்பி எவ்வளவு நேரம், இன்னம் என்னத்துக்கு மகன் அலாரம்?" என்று அவர் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னாய். பதினெட்டு வயதில் கப்பல் பயிற்சிக்குக் கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போக வேண்டிய அன்று பத்து மணி வரைக்கும் தூங்கியதை, அன்றையிலிருந்து எந்த நாளும் அலாரம் வரிசையாக வைத்துக்கொண்டு படுப்பதை, எழும்பிய பிறகும் மிச்சத்தை அணைத்து வைக்காமல் அடிக்கவிடுவதை. அழகாகச் சொன்னாய். நான் சொல்லிச் சொல்லிப் பழக்கிய கதை, அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்தினாய். நானும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன்.

"அப்ப சீஷெல்ஸுக்குப் போற எண்டு சென்னது?" என்று அவர் கேட்டார். அவர் வாயில் "சொன்னது" எப்போதும் "சென்னது"தான். நீ சிரிப்பை விட்டுவிட்டாய். "இல்ல டீச்சர், வேணாம்னு சொல்லப் போறேன். அது தீவுக்குத் தீவு போற பெரிய கப்பல். ராத்திரியில நாலு மணித்தியாலம் தனியா சுக்கானப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பன்னிரண்டு பேர் என்ன நம்பிக் கீழ தூங்குவாங்க. முக்கியமான நாள்ல தூங்கிப்போறவன நம்பி அதக் குடுக்கக் கூடாது. நானே என்ன நம்பல்ல." அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீங்க என்னா சொல்றீங்கம்மா?"

அந்த ஒரு நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். கடவுள் கொண்டுவந்து வாய்க்கு நேரே வைத்த நேரம் அது. நான் சொன்னது என்ன தெரியுமா? "ஒந் தூக்கத்தப் பத்தி ஒனக்குத் தெரியாததா? யோசிச்சுச் செய் தம்பி." நீ தலையை ஆட்டி, "அதுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் பாயைப் பார்க்கப் போய்விட்டாய். என் மனதுக்குள் ஒரு சந்தோசம் எழுந்தது. இவன் போக மாட்டான், இங்கேதான் இருப்பான் என்ற சந்தோசம். கோணேசர் மலையருகே நான் கூடுதலாக வேண்டிக்கொண்டதும் அதைத்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வேனில் திரும்பும்போது ஹபரணைக்கு இந்தப் பக்கம் புஷ்பம் டீச்சர் தூங்கிப்போனார். பரீதா டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "டீச்சர், பத்து மணிண்டு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" எனக்கு விளங்காத மாதிரி, "எந்தப் பத்து மணி?" என்றேன். "சாதிக்கா கூடினா பத்து மணிக்குத்தான் எழும்புற எண்டு சென்னீங்களே. வாய் காயும், சுவர் ஆடும் எண்டெல்லாம் சென்னீங்க. யாருக்குக் குடுத்துப் பாத்தீங்க?" பொதுவாகச் சொன்னேன் என்றேன். கணக்கு டீச்சர் விடையை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார். "நான் ஒண்டும் செல்ல மாட்டேன். புள்ளக்கிட்ட நீங்கதான் செல்லணும். வெள்ளிக்கிழமைக்கு முந்திச் செல்லுங்க" என்றார். வீட்டில் இறங்கும்போது வழக்கம்போல என் பையையும் அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

கேள் மகன். நீ அன்றைக்குத் தூங்கிப்போகவில்லை. நான் உன்னைத் தூங்க வைத்தேன்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கொழும்பிலிருந்து உனக்கு அந்தக் கடிதம் வந்தது. நீ அதை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு என்னிடம் வந்து வாசித்துக் காட்டினாய். நான் உன்னை முத்தமிட்டேன், அயலட்டைக்கெல்லாம் சீனிப் பணியாரம் கொடுத்தேன். உள்ளுக்குள் அந்தக் கடிதம் வராமலே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நேர்முகத்துக்கு முதல்நாள் நீ வெள்ளைச் சட்டையை ஸ்திரி பண்ணிக் கதிரையில் போட்டாய். சப்பாத்தைத் தேங்காயெண்ணெய் போட்டு மினுக்கினாய். சான்றிதழ்களை ஒரு பைலில் வைத்து இரண்டு தடவை எண்ணினாய். மூன்று மணிக்கு அலாரம் வைத்துவிட்டு, "நீங்களும் எழுப்பி விடுங்கம்மா, மொத பஸ்ஸ விட்டா முடிஞ்சு போச்சு" என்றாய். எழுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு குசினிக்குப் போய்ப் பால் காய்ச்சினேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்று வலியில் அழுதால் சாதிக்காயை ஒரே ஒரு இழைப்பு இழைத்துத் தாய்ப்பாலில் கலந்து நாக்கில் தடவுவேன். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிள்ளை பயத்தில் தூங்காமல் கிடக்கக் கூடாது, நன்றாகத் தூங்கி எழும்பிப் போகட்டும் என்று. நாலு இழைப்பில் நிறுத்தியிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. கை இழைத்துக்கொண்டே இருந்தது. பார்த்தால் காயில் பாதியைக் காணவில்லை. கசப்புத் தெரியாமல் இருக்கச் சீனி கூடப் போட்டேன். நீ ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "என்னாம்மா இவ்வளவு வாசம்" என்று கேட்டாய். அலாரம் அடித்தபோது நீ அசையவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

காரணம் சொல்லச் சொன்னால் என்னிடம் அழகான காரணம் ஒன்று இருக்கிறது. சுனாமி வந்த வருடம் நம் கோயிலில் இருந்து அரிசியும் உடுப்பும் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போன லொறியில் நானும் போனேன். அங்கே ஒரு பெண் வந்து நிற்கிற ஒவ்வொரு லொறியாகப் போய், ஒன்றும் வாங்காமல், ஒரு பெயரை மட்டும் சொல்லி அப்படி யாரையாவது கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு கடல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அவள் முகம்தான். இதை நான் வருடக்கணக்காக எனக்குச் சாட்டாகச் சொல்லி வந்தேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. நீ கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுகிற வேலைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் நான் அன்றைக்கு அதைத்தான் செய்திருப்பேன். அப்பா இல்லாத வீட்டில் ஒற்றைத் தட்டுக் கழுவி வைக்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் மகன். உனக்காகப் பயந்து செய்யவில்லை, எனக்காகப் பயந்து செய்தேன்.

பத்து மணிக்கு நீ எழும்பினாய். சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாய். மணியைப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஓடினாய். அங்கே என்ன பஸ் நிற்கும் என்று ஓடினாயோ எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, "நீங்க எழுப்பலியாம்மா?" என்று கேட்டாய். எத்தனை தரம் எழுப்பினேன், நீ எழும்பினால்தானே என்றேன். அதைக் கேட்டதும் நீ கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ என் காலடியில் உட்கார்ந்து அழுதாய். "மன்னிச்சிருங்கம்மா, ஒங்களுக்கும் அப்பாவுக்கும் வெக்கக்கேடு பண்ணிட்டேன்" என்றாய். நான் உன் தலையைத் தடவி மன்னித்தேன். செய்தவள் நான், மன்னிப்பும் நான் கொடுத்தேன். இப்படி ஒரு நியாயம் எந்த ஊரிலாவது இருக்குமா?

உனக்கு அன்றைக்கு வேறு ஏதாவது ஆகியிருக்கவும் கூடும். பிறகொரு நாள் ஆஸ்பத்திரியில் ஒரு தாதியிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அவ்வளவு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். வீட்டுக்கு வந்து நீ வெளியே போட்டுவிட்டுப் போன சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அந்தக் கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர் எனக்கு மன்னிப்புக் கொடுத்தார், மகனிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். நான் மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சொல்லாமல் விட்டது ஒரு பாவம் என்றால், அதைக் கேலியாக்கியது அதைவிடப் பெரிய பாவம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், மேலே நிறையச் சிரிப்பைப் போட்டால் முடியும். "கொழும்புக்குப் போக வேண்டிய ஆள் கட்டிலோட போயிட்டாரு" என்று நான்தான் முதலில் சொன்னேன். மாமா பிடித்துக்கொண்டார், உன் பள்ளிக்கூடச் சினேகிதர்கள் பிடித்துக்கொண்டார்கள். உன் மச்சாளின் கலியாண வீட்டில் மைக்கில் கூடச் சொன்னார்கள். நீயும் சிரித்தாய். பதினாலு வருடமாகச் சிரித்து, கடைசியில் நம்பியும்விட்டாய். நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி ஏதாவது இருந்தால் அது இதுதான். உன்னைப் பற்றி வீட்டில் ஓயாமல் சொல்லப்படுகிற ஒரு பகிடியை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அதை முதலில் சொன்னது யார், எதற்காகச் சொன்னார்கள் என்று ஒரு தடவை தேடிப் பார். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்தால், அவனைத் தூங்குமூஞ்சி என்றோ பயந்தாங்கொள்ளி என்றோ ஒருநாளும் சொல்லாதே. பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நல்ல மாணவர்கள், நாம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே படித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பயத்தைப் பாசம் என்று பெயர் மாற்றி யாருக்கும் ஊட்டிவிடாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல். அன்றைக்கு நான் பாலைக் காய்ச்சாமல் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தம்பி, நீ போனா எனக்கு இந்த வீட்டில இருக்கப் பயமா இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். நீ நின்றிருப்பாயோ போயிருப்பாயோ தெரியாது. எதைச் செய்திருந்தாலும் அது உன்னுடையதாக இருந்திருக்கும். நான் அதை உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன்.

ஆனாலும் பார், கடல் உன்னை விடவில்லை. ஹோட்டலில் தட்டுக் கழுவப் போனவன் அங்கேயிருந்த படகுக்காரரோடு சேர்ந்து கயிறு கட்டப் பழகினாய், பாய் ஏற்றப் பழகினாய், பத்து வருடத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்கு வந்தாய். உன்னுடைய முயற்சியால் வந்தாய், என்னையும் மீறி வந்தாய். அந்த மூன்று நாளும் நான் உன்னை வேவு பார்த்தேன் என்றே வைத்துக்கொள். குச்சவெளிக்கு அந்தப் பக்கம் காற்றுத் திடீரென்று தூக்கியபோது நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தோம். நீ சத்தம் போடாமல் பாயைச் சுருக்கினாய், அந்தோனி அண்ணனுக்கு இரண்டே சொல்லில் வேலை சொன்னாய், எங்களைப் பார்த்து ஒரு தரம் சிரித்தாய். அதன் பிறகு நாலு மணித்தியாலம் உன் கண் கடலை விட்டு எடுபடவில்லை. புஷ்பம் டீச்சர் கூட என் காதில், "ஒங்க மகன் தூங்குவாருன்னு சொன்னாங்களே டீச்சர், இவரு கண்ணக்கூடச் சிமிட்டலியே" என்றார். பன்னிரண்டு பேர் என்ன, நூறு பேர் உன்னை நம்பித் தூங்கலாம். நான் தூங்கினேன். இரண்டாம் நாள், அந்த ஆட்டத்தில், ஒன்றும் குடிக்காமல், நீ மேலே நிற்கிறாய் என்ற நினைப்பில் தூங்கினேன். அலாரத்தை ஒன்றாகக் குறைத்துக்கொள். அதுவும் மற்ற மனிதர்கள் வைப்பது மாதிரி.

நீ போனால் எனக்குத் தனிமையாக இருக்கும். அதை மறைத்தால் திரும்பவும் பொய்யாகிவிடும். மிளகு பறிக்க ஆள் பிடிப்பது கஷ்டம், கூரையில் இரண்டு ஓடு போயிருக்கிறது, முழங்கால் இறக்கத்தில் நோகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் இவையெல்லாம் என்னுடைய வேலைகள். மாத்தளையில் டாக்டர் இருக்கிறார், பக்கத்து வீட்டில் பரீதா டீச்சர் இருக்கிறார். என் தனிமையை உன் தலையில் கட்டி வைக்க எனக்கு இனி மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

கோபப்படு மகன். உனக்கு அது சேர வேண்டியது. பதினாலு வருடத்துக் கோபத்தை ஒரு நாளில் பட்டு முடிக்க முடியாது, அவசரப்படாமல் ஆறுதலாகப் படு. மாதக்கணக்கில் என்னோடு கதைக்காமல் இருந்தால், நான் அதை யாரிடமும் குறையாகச் சொல்ல மாட்டேன். மாமாவும் மற்றவர்களும் அந்தப் பகிடியை இனி எடுத்தால், நடந்தது என்ன என்று நானே எழும்பிச் சொல்வேன். நேற்றுப் பூசை முடிந்து மாமாவிடம் சொல்லியும்விட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். சரிதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. என் குரலைக் கேட்டால் உனக்கு இரக்கம் வரும். உன்னை எனக்குத் தெரியும், நீ மன்னித்துவிடுவாய். மன்னித்த கையோடு அம்மா பாவம் என்று இங்கேயே நின்றும் விடுவாய். முதலில் அவர்களுக்கு வருகிறேன் என்று சொல். அதைச் சொன்ன பிறகு, என்னோடு பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்.

அம்மா